நூறு ரூபாய்க்கு ஒரு காடு

போன மாதம் மலைக்கு டூர் போய் வந்த நண்பன், பாசியில் சுற்றிய ஒரு செடியோடு ஹாஸ்டலுக்கு வந்தான். "மச்சி, ஆர்க்கிட்! ரோட்டோரத்துல நூறு ரூபாய்தான். ரூமுக்குள்ள எப்படிடா வளர்க்கிறது?" என்றான். வளர்க்க முடியாது, வாங்கியதே தப்பு என்றேன். அன்றிலிருந்து சரியாகப் பேசுவதில்லை :(

இதைப் படிக்கும் உங்களுக்கும் கோபம் வரலாம். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் செடியின் வேரில் மரப்பட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அதாவது, காட்டு மரத்திலிருந்து பிய்த்தது. மரத்தில் வாழும் ஆர்க்கிட்டின் வேரைச் சுற்றிப் பஞ்சு போல ஓர் உறை உண்டு. பனியையும் மழையையும் உறிஞ்சுவது அதுதான். பிய்க்கும்போது அது கிழிகிறது. போதாததற்கு நாம் செம்மண்ணில் நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றி வேரை அழுக வைக்கிறோம். மலைக்குளிருக்குப் பழகியது சென்னைப் புழுக்கத்தில் எத்தனை நாள் தாங்கும்? மெதுவாகச் சாவதால் நமக்கு உறைப்பதில்லை.

"ஒரே ஒரு செடிதானே, காட்டில் வேறு முளைக்காதா?" என்பீர்கள். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி. அதற்குள் சேமித்த உணவு கிடையாது. சரியான பூஞ்சை வந்து சேர்ந்தால்தான் முளைக்கும். முளைத்துப் பூக்கப் பல வருடங்கள். நாம் பிய்ப்பதோ ஒரு நிமிடத்தில்.

நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. அகத்தியமலைப் பகுதிக்கே உரிய பாபியோபெடிலம் ட்ரூரியை, லேடீஸ் ஸ்லிப்பர் வகை ஆர்க்கிட். மஞ்சள் பூ, கொள்ளை அழகு. சேகரிப்பவர்கள் அள்ளி அள்ளியே அதை அழிவின் விளிம்புக்குத் தள்ளினார்கள். அள்ளியவர்கள் யாரும் ஆர்க்கிட்டை வெறுத்தவர்கள் இல்லை. எல்லாரும் 'ரசிகர்கள்'! லேடீஸ் ஸ்லிப்பர் வகை இன்று 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருக்கிறது.

"பாவம், அந்த வியாபாரியின் பிழைப்பு?" நியாயமான கேள்வி. ஆனால் மரங்கள் மொட்டையானதும் அவர் எதை விற்பார்? அவருக்கு உதவ வேண்டுமென்றால் கேரட்டோ பேரிக்காயோ வாங்குங்கள்.

நிற்க. ஆர்க்கிட்டே வளர்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. 1922-லேயே லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்கர், சர்க்கரை கலந்த அகரில் பூஞ்சையின் உதவியே இல்லாமல் ஆர்க்கிட் விதையை முளைக்க வைத்துக் காட்டிவிட்டார். இன்று நர்சரியில் கிடைக்கும் பெலனாப்சிஸ் கலப்பினங்கள் ஆய்வகத்தில் பிறந்தவை, நம் வீட்டுச் சூட்டையும் தாங்குபவை. கிழக்குப் பார்த்த ஜன்னல், மரப்பட்டையும் கரித்துண்டும் போட்ட தொட்டி, காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர். போதும். பூ வாரக்கணக்கில் நிற்கும். உதிர்ந்ததும் குப்பையில் வீசாதீர்கள், மறுபடியும் பூக்கும்.

விலை கூடத்தான். நூறு ரூபாய்ச் செடி ஏன் மலிவு தெரியுமா? அதை வளர்க்க யாரும் செலவு செய்யவில்லை. காடு வளர்த்தது, பில் போடாமல்.

அடுத்த டூரில் பாசி சுற்றிய செடியை யாராவது நீட்டினால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எங்கே முளைச்சதுண்ணே?" பதில் வரவில்லையென்றால் கையைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.