அட்வான்ஸ் கொடுங்கள், குட்டி தாயிடமே இருக்கட்டும்



இந்த விடுமுறையில் உங்களில் நாலைந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "சார், பிள்ளை பெர்ஷியன் பூனைக்குட்டி கேட்கிறான், வாங்கலாமா?" தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நான் முதலில் கேட்பது, குட்டிக்கு எத்தனை வாரம் என்பதுதான்.

வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்களில் "45 நாள் குட்டி, பஸ்ஸில் அனுப்பப்படும்" என்று போடுகிறார்கள். 45 நாள் என்றால் ஆறரை வாரம்கூட ஆகவில்லை. பிரிட்டனில் 1910 முதல் இனப்பூனைகளைப் பதிவு செய்துவரும் ஜி.சி.சி.எஃப். அமைப்போ, 13 வாரம் ஆகாமல் குட்டியைப் புது வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்கிறது. அங்கேயும் இதே பெர்ஷியன்தான். நம் ஊரில் மட்டும் பாதிக் காலத்திலேயே பிரித்துவிடுகிறோம்.

13 வாரம் எதற்கு? தாய்ப்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி மெல்லக் குறையும் காலம் அது. இரண்டாவது தடுப்பூசி 12 வாரம் வாக்கில் போடுவார்கள். அதற்கு முன் ஊர்விட்டு ஊர் போனால், குட்டிகளை இரண்டே நாளில் கொண்டுபோய்விடும் பேன்லூக்கோபீனியா போன்ற நோய்களுக்கு வாசலைத் திறந்துவிட்டதுபோல் ஆகும்.

இன்னொன்று படிப்பு. ஆமாம், பூனைக்கும் படிப்பு உண்டு. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தன் தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான் கற்றுக்கொள்கிறது. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் ஏறத்தாழ 5,700 பூனைகளை ஆராய்ந்து 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 8 வாரத்துக்கு முன் தாயைப் பிரிந்தவை பிற்காலத்தில் அதிகம் சீறிக் கடிக்கின்றன என்றும், 14 வாரம் வரை தாயோடு விடுவது நல்லது என்றும் அதில் சொன்னார்கள். "பூனை பிள்ளையைப் பிறாண்டுகிறது, யாருக்காவது கொடுத்துவிடலாம்" என்று ஒரு வருடம் கழித்து வரும் பேச்சுக்கு விதை பல சமயம் இங்கேதான் இருக்கிறது.

"சின்னதாக வந்தால்தானே நம்மோடு ஒட்டும்?" என்பீர்கள். பூனைக்குட்டி மனிதர்களோடு பழக முக்கியமான காலம் 2 முதல் 7 வாரம் வரை. அந்த நாட்களில் வளர்ப்பவர் வீட்டில் கையில் எடுத்துக் கொஞ்சி, மிக்சி சத்தமும் குழந்தைகள் சத்தமும் கேட்டு வளர்ந்த குட்டி, மூன்று மாதத்தில் வந்தாலும் உங்கள் மடியில் ஏறும். கூண்டிலேயே கிடந்த குட்டி 45 நாளில் வந்தாலும் கட்டிலுக்கடியில்தான் ஒளியும்.

விற்பவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வாரமும் தீனிச் செலவு, ஊசிச் செலவு. நாமும் உள்ளங்கை அளவுக் குட்டியைத்தான் கேட்கிறோம். வாங்குகிறவன் அவசரப்பட்டால் விற்கிறவன் ஏன் காத்திருப்பான்?

அதனால் என் யோசனை இது. நேரில் போங்கள், தாய்ப்பூனையைப் பாருங்கள். பெர்ஷியன்களுக்குப் பரம்பரையாகச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் நோய் உண்டு. அதற்கான மரபணு 2004இலேயே கண்டுபிடிக்கப்பட்டு, பரிசோதனையும் வந்துவிட்டது. தாய், தகப்பன் இரண்டுக்கும் அதைச் செய்தார்களா என்று கேளுங்கள். மூக்கு கண்களுக்கு நடுவே அமுங்கிப்போன குட்டி அழகாகத் தெரியலாம். ஆனால் மூச்சு முட்டும், கண்ணில் ஓயாமல் நீர் வடியும், அது வேண்டாம். எல்லாம் சரியென்றால் அட்வான்ஸ் கொடுத்து, மீதி வாரங்களின் தீனிக்கும் ஊசிக்கும் நீங்களே பணம் தருவதாகச் சொல்லுங்கள். 13 வாரம் முடிந்ததும் கூட்டி வாருங்கள்.

நல்ல வளர்ப்பவர் உங்களையும் விசாரிப்பார். வீட்டில் யார் இருப்பார்கள், தினமும் முடி சீவிவிட ஆள் உண்டா, கத்திரி வெயிலுக்கு என்ன ஏற்பாடு, கருத்தடை செய்வீர்களா, முடியாமல் போனால் என்னிடமே திருப்பித் தருவீர்களா என்றெல்லாம் கேட்பார். கோபப்படாதீர்கள். பெண் கொடுப்பவர் விசாரிக்காமலா கொடுக்கிறார்? ஜிபே நம்பரை மட்டும் அனுப்பி வேறொன்றும் கேட்காதவரிடம் வாங்காதீர்கள்.

ஆறு வாரம் காத்திருக்கப் பிள்ளை அடம்பிடித்தால், அந்தக் காத்திருப்பையே முதல் பாடமாக வையுங்கள். பதினைந்து வருடம் வாழக்கூடிய ஒரு ஜீவனுக்காக ஆறு வாரம் பொறுக்க முடியாத வீட்டுக்கு இப்போதைக்குப் பூனை வேண்டாம்.