டப்பா மேல் "ஆசிய சுவைகள்" என்று போட்டிருந்தது



சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி மகன் தீபாவளிக்கு ஒரு பிஸ்கட் டப்பா அனுப்பியிருந்தான். குக்கீஸ் என்று சொல்ல வேண்டுமாம். டப்பா மேல் "ஆசிய சுவைகள்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே மூன்று வகை: மாச்சா என்கிற பச்சைத் தேயிலைத் தூள் போட்டது, பாண்டான் இலை மணம் உள்ளது, கறுப்பு எள் போட்டது.

படம் எடுத்து நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அரை மணி நேரத்தில் வாக்குவாதம் வந்துவிட்டது. "நம்ம எள்ளுருண்டையைத் திருடி பிஸ்கட்டுல போட்டுட்டாங்க டீச்சர்" என்றான் ஒருவன். "நம்ம ஊர்ப் பலகாரம் என்னைக்காவது இப்படிப் பார்க்க அழகா இருந்திருக்கா?" என்றாள் இன்னொருத்தி. இரண்டு பேருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். பாடம் நடத்துகிற பழக்கம் போகவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் திருட்டுக்கு வருவோம். எள் நம் நாட்டுப் பயிர்தான். ஹரப்பா அகழாய்வில் கருகிய எள் கிடைத்திருக்கிறது. அது இங்கிருந்து மேற்கே போய், அங்கிருந்து சீனாவுக்குப் போனது. சீனர்கள் அதற்கு வைத்த பழைய பெயர் "ஹூமா". அந்நிய நாட்டார் கொண்டுவந்தது என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ஜப்பானில் "கோமா" என்பதும் அதே சொல்தான். பல நூறு வருஷமாக அவர்கள் அதை அரைத்து, உருட்டி, பொரித்துத் தங்கள் பலகாரமாக்கிக்கொண்டார்கள். இதில் திருட்டு எங்கே வந்தது?

மாச்சாவும் அப்படித்தான். தேயிலையைப் பொடித்து நுரைக்க அடித்துக் குடிக்கும் வழக்கம் சீனாவில் இருந்தது. 1191 இல் சீனாவிலிருந்து திரும்பிய எய்சாய் என்ற பௌத்தத் துறவி அதை ஜப்பானில் பரப்பினார். பிறகு சீனாவில் அது வழக்கொழிந்துவிட்டது, ஜப்பானில் நிலைத்துவிட்டது. பாண்டானை இலங்கைத் தமிழர்கள் ரம்பை என்பார்கள். கறிவேப்பிலையோடு சேர்த்து இறைச்சிக் கறியில் போடுவார்கள். மலாய்க்காரர்கள் தேங்காய்ப்பால் சோற்றில் போடுகிறார்கள்.

இப்படி ஒவ்வொரு சுவைக்கும் ஒரு விலாசம் இருக்கிறது. அதையெல்லாம் அழித்துவிட்டு "ஆசிய சுவை" என்று ஒரே பெயர் வைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வடக்கே போனால் நம் எல்லோரையும் "மதராசி" என்று ஒரே பெயரில் கூப்பிடுவார்களே, அந்த மாதிரி.

ஆனால் நாமும் சும்மா இல்லை. "சுத்தமான பாரம்பரியப் பலகாரம்" என்று சொல்லி விற்பதைக் கொஞ்சம் பார்ப்போம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நிலக்கடலை பிறந்தது தென் அமெரிக்காவில். வடமாவட்டங்களில் அதை மணிலாக்கொட்டை என்கிறார்கள், வந்த வழி பெயரிலேயே இருக்கிறது. சாத்தூர்க் காராச்சேவில் காரம் தருகிற மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. நாம் காபியில் போடும் சீனியின் பெயரிலேயே சீனா இருக்கிறது. தூத்துக்குடி மக்ரூன் ஐரோப்பாவில் பாதாம் போட்டுச் செய்தது. இங்கே முந்திரி போட்டுச் செய்கிறோம். அந்த முந்திரியும் போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்ததுதான். ஏன், நம் பக்கம் அத்தனை வீட்டுக்கும் சோறு போடுகிற பட்டாசின் வெடிமருந்து கூடச் சீனாவில் பிறந்ததுதான்.

அப்படியென்றால் எதுதான் நம்முடையது? கைதான். வெல்லப்பாகு தண்ணீரில் விட்டால் உருண்டு, தட்டில் போட்டால் "டங்"கென்று சத்தம் வர வேண்டும் என்று அறிந்த கை. சேவுக் கரண்டியைத் தேய்க்கும்போது எண்ணெய்ச் சூடு பார்க்கத் தெரிந்த கை. பொருள் எந்தக் கப்பலில் வந்தாலும் பக்குவம் இந்த ஊரில் பிறந்தது. பெருமைப்பட வேண்டியது அதற்கு. "எல்லாம் நம்மகிட்ட இருந்து போனது" என்று மார் தட்டுவதும், "நம்முடையது மட்டம்" என்று கூசுவதும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. இரண்டு பேருமே அந்தக் கையைப் பார்க்கவில்லை.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றும் சொல்லிவிடுகிறேன்.

முப்பது வருஷத்துக்கு முன்னால், நான் நாலாம் வகுப்பு எடுத்த காலம். பிறந்தநாள் என்றால் பிள்ளைகள் கலர் டிரஸ் போட்டு, பாக்கெட்டில் ஆரஞ்சு மிட்டாய் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒரு பிள்ளை மட்டும் தூக்குவாளியில் எள்ளுருண்டை கொண்டுவந்தாள். கருப்பட்டி போட்டு அவள் அம்மா பிடித்தது. அந்த அம்மா தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிறவர். விடியுமுன் எழுந்து எள்ளை வறுத்து இடித்திருக்க வேண்டும். "ஐயே, கறுப்பா இருக்கு" என்றது ஒரு குரல். "இது திவசத்துக்குப் பண்றதுல்ல?" என்றது இன்னொன்று. வகுப்பே சிரித்தது. அதட்ட வேண்டிய நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு, "அடுத்த வருஷம் மிட்டாய் வாங்கிட்டு வாம்மா" என்றேன். அந்த உருண்டையை நான் தின்னவில்லை. தூக்குவாளி ஏறக்குறைய நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்பிப் போனது.

போன வாரம் அதே கறுப்பு எள்ளை, வெளிநாட்டு டப்பாவிலிருந்து எடுத்து, டீயோடு தின்றுவிட்டு "பிரமாதம்" என்று தம்பி மகனுக்கு மெசேஜ் போட்டேன். அனுப்பிய பிறகுதான் அந்தத் தூக்குவாளி ஞாபகம் வந்தது. அப்புறம் இரண்டாவது பிஸ்கட் இறங்கவில்லை.

அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன். அவள் இதைப் படித்தால்: அன்றைக்குத் தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது. மன்னித்துக்கொள் தாயே. உன் அம்மாவிடமும் சொல்.

மற்றவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகளுக்கு எந்தப் பலகாரம் வாங்கிக் கொடுத்தாலும், அது எந்த ஊர், யார் கண்டுபிடித்தது, யார் கை செய்தது என்று இரண்டு வரி சொல்லிக் கொடுங்கள். ஜப்பான்காரர் பிஸ்கட்டையும் மரியாதையோடு தின்னட்டும், பக்கத்துத் தெரு அக்கா பிடித்த உருண்டையையும் மரியாதையோடு தின்னட்டும். அந்த அக்காவிடம் பேரம் மட்டும் பேசாதீர்கள்.

நேற்று நானே எள்ளுருண்டை பிடித்தேன். கருப்பட்டிப் பாகு கொஞ்சம் இளகிவிட்டது, ஆனாலும் ருசி மோசமில்லை. சிவகாசி ரோட்டில் போகிறவர்கள் ஆமத்தூரில் இறங்கி ஒன்று தின்றுவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்