ஒரு வெட்டு காப்பாற்றியது

ரிச்சி தெருவில் போன வாரம் ஒரு கல்லூரி மாணவர் கடைக்காரரிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். பழைய கணினியிலிருந்து கழற்றிவந்த டிடிஆர்4 ரேம், கேமிங் கணினிக்காகப் புதிதாக வாங்கிய ஏஎம்5 மதர்போர்டில் உட்காரவில்லை. உட்காராதுதான், 2022இல் வந்த ஏஎம்5, டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்கள், ஒரே நீளம். நடுவிலுள்ள வெட்டு மட்டும் சற்றுத் தள்ளியிருக்கும். அந்தச் சிறு வெட்டு இல்லையென்றால் அழுத்திச் செருகி ரேம், மதர்போர்டு இரண்டையும் கெடுத்திருப்பார். விற்றவர், “வீட்டில் என்ன ரேம் இருக்கிறது தம்பி?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். கேமிங் கணினி என்பது பல வீடுகளில் ஒரு வருடச் சேமிப்பு. தம்பிகளே, பணம் கட்டுமுன் பிராசஸர், மதர்போர்டு, ரேம் மூன்றின் பெயரையும் ஒரே தாளில் எழுதி, மதர்போர்டு தயாரிப்பாளர் தரும், பொருந்தும் பாகங்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.