மறதிக்கு முன்னாடியே கோபம் வருதா? பட்டாசுத் தொழில் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ‘எம்.சி.ஐ.’

சிவகாசி பக்கம் ஒரு வீட்டை நினைச்சுப் பாருங்க. 58 வயசு அம்மா. பல வருஷமா பட்டாசு ஆபீஸ்ல சரம் பின்னுற வேலை. ஏழெட்டு மாசமா வேலைக்குப் போகவே பிடிக்கலைங்கிறாங்க. போனாலும் பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்ககூட சண்டை. பேரன் டிவியைச் சத்தமா வெச்சா ரிமோட் பறக்குது. பீஸ் ரேட் வேலை என்பதால், வாரச் சம்பளம் குறைஞ்ச பிறகுதான் வீட்டுக்கே உறைக்குது. “வயசாயிட்டா அப்படித்தான்” என்று விட்டுவிடுகிறார்கள்.

இது கற்பனை வீடுதான். ஆனா உங்களுக்கு யாரோ ஒருத்தர் முகம் ஞாபகம் வந்திருக்கும்.

அது என்ன எம்.சி.ஐ.?

மைல்ட் காக்னிட்டிவ் இம்பேர்மென்ட். வயசுக்கு மீறிய மறதியோ கவனக்குறைவோ இருக்கும். ஆனால் சமையல், கடை கண்ணி, காசுக் கணக்கு எல்லாம் பெரும்பாலும் தானே பார்த்துக்கொள்வார்கள். இது டிமென்ஷியா அல்ல. எல்லாருக்கும் டிமென்ஷியாவாக மாறுவதும் இல்லை. சிலர் பழைய நிலைக்கே திரும்புகிறார்கள்.

மறதி மட்டும்தான் அறிகுறி என்று நினைப்பதில்தான் சிக்கல். அமெரிக்காவில் 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், எம்.சி.ஐ. உள்ளவர்களில் 43 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் மனநிலையிலோ நடத்தையிலோ மாற்றம் இருந்தது. மனச்சோர்வு 20 சதவீதம். எரிச்சலும், எதிலும் நாட்டமின்மையும் தலா 15 சதவீதம்.

இதில் வீட்டாரை அதிகம் ஏமாற்றுவது நாட்டமின்மைதான். மனச்சோர்வு என்றால் அழுகை, கவலை தெரியும். இவர்களுக்குக் கவலையே இருக்காது, சும்மா உட்கார்ந்திருப்பார்கள். சோம்பேறி என்று பட்டம் கட்டிவிடுவோம்.

எப்போது சந்தேகப்படணும்?

2016-ல் நிபுணர்கள் வகுத்த அளவுகோல் எளிமையானது: 50 வயசுக்கு மேல் புதுசா வந்த மாற்றம், 6 மாதமாவது நீடிக்கணும். மறதி தெரியும் முன்பே இது வரலாம். ‘எங்கப்பா சின்ன வயசுலயே கோபக்காரர்’ என்றால் இந்தக் கணக்கில் வராது.

பட்டாசு ஊருக்கு ஏன் முக்கியம்?

மருந்து புழங்கும் அறையில் ஒரு நிமிஷக் கவனம் பெரிய விஷயம். அதற்காக வெடிவிபத்துகளுக்கு இதுதான் காரணம்னு சொல்ல வரல. உராய்வு, அளவுக்கு மீறி மருந்து வைப்பது, விதிமீறல் இதையெல்லாம் விட்டுவிட்டு வயசான தொழிலாளி மேல் பழி போடுவது அநியாயம்.

ஆனால் “அம்மாவுக்குக் கவனம் சிதறுது” என்று சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் நிஜம். அதனால்தான் வீடே மூடி மறைக்கிறது. மருந்து தொடாத லேபிள் ஒட்டுதல், பாக்கிங் வேலைக்கு மாற்றித் தர முதலாளிகள் தயாராக இருந்தால், உண்மையைச் சொல்ல குடும்பத்துக்கும் தைரியம் வரும்.

என்ன செய்யலாம்?

முதலில், சரிசெய்யக்கூடிய காரணங்கள். தைராய்டு, பி12 குறைபாடு, சர்க்கரை, தூக்கமின்மை, குடி எல்லாமே இதே அறிகுறிகளைக் காட்டலாம். காதையும் சோதிக்கணும். டிமென்ஷியா ஆபத்தைக் கூட்டும், ஆனால் நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களை 2024-ல் லான்செட் குழு பட்டியலிட்டது. காது கேளாமை அதில் ஒன்று.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரை கொண்டுவரும் ஊழியரிடமே இதையும் சொல்லுங்க. 2022-ல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். போன் வழியாக மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, முதியோர் உதவிக்கு 14567.

போகும்போது மாற்றம் எந்த மாசம் ஆரம்பிச்சது, என்னென்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்க. டாக்டருக்கு ரொம்ப உதவும். மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துச் சமாளிக்க மட்டும் வேண்டாம். அவற்றில் சில, மறதியையும் குழப்பத்தையும் இன்னும் கூட்டிவிடும்.