பெயின்ட்டுக்குக் காசு உண்டு, புஷ்ஷுக்கு இல்லையா?

முப்பது வயதான ஒரு ஸ்போர்ட்ஸ் காரை ஒருவர் ஆசை ஆசையாக வாங்குகிறார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதலில் எதற்குச் செலவு செய்வார்? புது அலாய் வீல். சத்தமான சைலன்சர். பளபளவென்று ஒரு பெயின்ட். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர் என்றால் காரைத் தாழ்த்திக் காட்டும் குட்டை ஸ்பிரிங். காருக்கு அடியில் முப்பது வருடமாக நசுங்கிக்கொண்டிருக்கும் ரப்பர் துண்டுகளை மாற்றுவது அந்தப் பட்டியலிலேயே இருக்காது!

அந்தப் பட்டியலைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். பழைய ரோட்ஸ்டரில் போடும் முதல் காசு சஸ்பென்ஷனுக்கும் வீல் அலைன்மென்ட்டுக்கும்தான் போக வேண்டும். இதை மெக்கானிக் மட்டும் சொல்லவில்லை, கணக்குப் புத்தகமும் சொல்கிறது. காமர்ஸ் மாணவர்கள் கவனிக்க :-)

ரோட்ஸ்டர் என்றால் இரண்டே சீட், மடக்கி வைக்கக்கூடிய கூரை, அவ்வளவுதான். உதாரணத்துக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்ளலாம். 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் அறிமுகமான கார். அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர். லோட்டஸ் எலான் போன்ற 1960களின் பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்களைப் பார்த்து, ஆனால் அவற்றைப்போல் அடிக்கடி படுத்துக்கொள்ளாத ஒன்றாக ஜப்பானியர்கள் செய்தது. முகப்பு விளக்குகள் தவளைக் கண் மாதிரி எழும்பி நிற்கும் அந்த முதல் தலைமுறை 1997 வரை வந்தது. உலகில் அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் என்று 2000ல் கின்னஸில் இடம்பிடித்தது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் தயாரானது. ஆகவே பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இதன் பழைய வண்டிகள் இன்றும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

முதலில் வந்த மாடலில் இன்ஜின் 1.6 லிட்டர்தான். சக்தி சுமார் 115 குதிரைத்திறன். இன்று சாதாரணக் குடும்பக் காரிலேயே அது இருக்கிறது. அப்புறம் எதற்கு இந்த காருக்கு இவ்வளவு பெயர்? எடை சுமார் 950 கிலோ. நான்கு சக்கரங்களுக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கைகள் பிடித்திருக்கும். இதை வடிவமைத்தவர்கள் 'ஜின்பா இட்டாய்' என்ற ஜப்பானியச் சொல்லை வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். குதிரையும் குதிரைக்காரனும் ஒன்று என்று அர்த்தம். நேர்கோட்டில் வேகமாகப் போவது அவர்கள் நோக்கமே அல்ல. ஓட்டுபவர் நினைத்ததும் திரும்ப வேண்டும். இந்த காரை வாங்குகிறவர் காசு கொடுப்பது அந்தத் திரும்பலுக்குத்தான்.

அந்தத் திரும்பல் எங்கே இருக்கிறது? அந்த எட்டுக் கைகளின் முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ்களிலும் பால் ஜாயிண்ட்களிலும், நான்கு ஷாக் அப்சார்பர்களிலும் இருக்கிறது. ரப்பர் காய்ந்து வெடித்துவிட்டால் கை தன் இடத்தில் நிற்காது. பிரேக் போடும்போது ஒரு பக்கம் நகரும், வளைவில் இன்னொரு பக்கம் நகரும். சக்கரம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை ஓட்டுபவர் தீர்மானிப்பதற்குப் பதில் பள்ளமும் மேடும் தீர்மானிக்க ஆரம்பிக்கும். ஷாக் அப்சார்பரின் எண்ணெய் கசிந்துபோயிருந்தால் ஒரு மேட்டில் ஏறிய கார் மூன்று தரம் குதித்துவிட்டுத்தான் அடங்கும். பால் ஜாயிண்ட் தேய்ந்து கழன்றே போனால் சக்கரம் சாய்ந்துவிடும். அது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது.

இங்கே விற்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் ஒரு வசனம் உண்டு: "வண்டி ரொம்பக் கம்மியாத்தான் ஓடியிருக்கு." மழைக்காலத்தில் எடுக்கவே இல்லை, ஷெட்டிலேயே இருந்தது, அதனால் எல்லாம் புதுசு மாதிரி என்று அர்த்தமாம்!

பி.காம். புத்தகத்தில் தேய்மானப் பாடத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஓடிய தூரத்தை வைத்துத் தேய்மானம் போடும் மைலேஜ் முறை ஒன்று. வருடத்தை மட்டும் பார்க்கும் நேர்கோட்டு முறை இன்னொன்று. பிரேக் பேடுக்கு மைலேஜ் முறை சரி. ரப்பருக்கு வருடக் கணக்குதான். நின்ற இடத்திலேயே அது காயும், இறுகும், வெடிக்கும். டயரும் அப்படித்தான். டயரின் பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு எந்த வாரம், கடைசி இரண்டு எந்த வருடம் என்று சொல்லும். பட்டன் தேயாத, பத்து வயதைத் தாண்டிய டயரில் 'கம்மியா ஓடின' வண்டியை வாங்குபவர் தப்பான தேய்மான முறையில் கணக்குப் போட்டவர்.

அடுத்து அலைன்மென்ட். பலரும் இதை ஏதோ ஸ்டீயரிங்கை நேராக்கும் சமாச்சாரம் என்றுதான் நினைக்கிறார்கள். மூன்று கோணங்கள் இதில் உண்டு. காரை முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். மேலிருந்து பார்த்தால் இரண்டு சக்கரங்களின் மூக்கும் ஒன்றையொன்று பார்க்கிறதா, விலகிப் பார்க்கிறதா என்பது டோ. பக்கத்தில் நின்று பார்த்தால் ஸ்டீயரிங் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருப்பது காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது போல. வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதற்குக் காஸ்டர்தான் முக்கியக் காரணம்.

சாதாரண கார்கள் பலவற்றில் டோவை மட்டும்தான் மாற்ற முடியும். எம்எக்ஸ்-5ல் முன் சக்கரங்களுக்கு மூன்று கோணங்களையும், பின் சக்கரங்களுக்குக் கேம்பரையும் டோவையும் மாற்றலாம். கீழ்க் கைகள் பாடியில் சேரும் இடத்தில் மையம் விலகிய வட்டத் தலையோடு போல்ட்கள் இருக்கும். அவற்றைத் திருப்பினால் கை உள்ளேயும் வெளியேயும் நகரும். அருமையான ஏற்பாடு! ஆனால் குளிர்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டும் நாடுகளில் முப்பது வருடம் கழித்து அந்த போல்ட், புஷ்ஷின் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். அலைன்மென்ட் கடைக்காரர் ஸ்பானரைப் போட்டு ஒரு தரம் பார்ப்பார், அசையாது. டோவை மட்டும் சரி செய்து பில் கொடுத்து அனுப்பிவிடுவார். வாங்கியவர் 'அலைன்மென்ட் ஆச்சு' என்று சந்தோஷமாக இருப்பார்.

அதனால்தான் வரிசை முக்கியம். தேய்ந்த புஷ்ஷை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது, ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து போட்டோ எடுப்பது போல. மெஷினில் நிற்கும்போது எண்கள் சரியாக இருக்கும், ரோட்டில் இறங்கியதும் மாறிவிடும். முதலில் புஷ், பால் ஜாயிண்ட், ஸ்டீயரிங்கின் டை ராட் முனை, ஷாக் அப்சார்பர். கைகளைக் கழற்றும்போதே ஒட்டிக்கொண்ட போல்ட்களையும் அறுத்து எடுத்துவிட்டுப் புதுசு போட்டு, துருப்பிடிக்காமல் கிரீஸ் தடவிவிட வேண்டும். அப்புறம் உயரம், அதற்கப்புறம் டயர், கடைசியில்தான் அலைன்மென்ட்.

இதில் ஒரு சின்ன விஷயத்தில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஒரிஜினல் ரப்பர் புஷ் உருண்டு சுழலாது, முறுக்கிக்கொண்டுதான் வளைந்து கொடுக்கும். காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கியதும் அந்த ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், சீக்கிரம் கிழிந்துபோகும். கார் தன் எடையோடு நிற்கும் உயரத்தில் வைத்துத்தான் கடைசி இறுக்கு. அதே மாதிரி, 950 கிலோ காரில் 70 கிலோ ஆள் என்பது சின்னச் சுமை இல்லை. ஓட்டும் சீட்டில் அந்த எடையை வைத்து அலைன்மென்ட் செய்யச் சொல்வது நல்லது. எந்த எண்ணை வைப்பது என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். இடமும் வலமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டாவது கருத்து கிடையாது.

இவ்வளவு முக்கியமான வேலையை ஏன் யாரும் செய்வதில்லை? இதற்குப் பதில் காரில் இல்லை, பொருளாதாரத்தில் இருக்கிறது. ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1970ல் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்கப் பேச்சுவழக்கில் ஓட்டைக் காருக்கு 'லெமன்' என்று பெயர், நம் எலுமிச்சம்பழம்தான்! வண்டியின் உண்மையான நிலைமை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் சராசரி விலைதான் கொடுப்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மாட்டார், சந்தையில் மோசமான வண்டிகளே மிஞ்சும். தகவல் சமமின்மை என்ற இந்த ஆராய்ச்சிக்காக 2001ல் அவருக்கு இன்னும் இருவரோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

இதை சஸ்பென்ஷனுக்குப் பொருத்திப் பாருங்கள். பெயின்ட் விளம்பரப் போட்டோவில் தெரியும், அலாய் வீலும் தெரியும். புது புஷ் தெரியாது. எட்டுக் கைகளையும் கழற்றிப் புதுப்பித்தவருக்கும் ஒன்றுமே செய்யாதவருக்கும் ஏறக்குறைய ஒரே விலை என்றால், எவர்தான் அந்தச் செலவைச் செய்வார்? ஒவ்வொரு முதலாளியும் கண்ணுக்குத் தெரிவதற்குச் செலவழித்துவிட்டு, தெரியாததை அடுத்தவர் தலையில் கட்டுகிறார். முப்பது வருடத்தில் நான்கைந்து கை மாறிய பிறகும் அதே பழைய ரப்பர் உள்ளே கிடப்பதற்கு இதுதான் காரணம். வாங்குபவர் கேட்க வேண்டியதும் இதிலிருந்தே தெரிகிறது. உதிரி பாக பில் எங்கே? முன்பும் பின்பும் எடுத்த அலைன்மென்ட் மெஷின் பிரிண்ட் எங்கே? இந்த இரண்டு காகிதமும் இருக்கும் வண்டிக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நஷ்டம் இல்லை.

"காரே இவ்வளவுதான் விலை, அதற்கு அடியில் இவ்வளவு செலவா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கும் அக்கவுண்டன்சி பாடத்திலேயே பதில் இருக்கிறது. வழக்கமான பழுதுபார்ப்பு வருவாயினச் செலவு. ஆனால் பழைய இயந்திரத்தை வாங்கி, அதை வேலைக்கு எடுக்கும் முன் செய்யும் பழுதுபார்ப்பு முதலினச் செலவு. அது இயந்திரத்தின் விலையோடு சேரும். பரீட்சையில் இந்தக் கணக்கைத் தப்பாகப் போட்டு மார்க் இழக்காத காமர்ஸ் வகுப்பு உண்டா? :-) பழைய ரோட்ஸ்டரும் அப்படித்தான். சஸ்பென்ஷன் புதுப்பிப்பு என்பது வாங்கிய பிறகு வந்த தண்டச் செலவு அல்ல, காரின் விலையிலேயே ஒரு பகுதி. அதைச் சேர்த்துக் கூட்டினால் கட்டுப்படியாகவில்லை என்றால், அந்த கார் ஆரம்பத்திலிருந்தே கட்டுப்படியாகாத கார்தான்.

"கடினமான புது ஸ்பிரிங் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று இன்னொரு கட்சி. ஆகாது. கடினமான ஸ்பிரிங் அந்த நைந்த புஷ்ஷின் மேல் இன்னும் சுமையைத்தான் ஏற்றும். காரை அதிகம் தாழ்த்தினால் சக்கரம் மேலே போக இடம் இல்லாமல், ஒவ்வொரு பள்ளத்திலும் கடைசி ரப்பர் தடுப்பில் இடித்துக்கொள்ளும். அதை 'ஸ்போர்ட்டியா இருக்கு' என்று சொல்பவர்களும் உண்டு, என்ன செய்வது! பந்தயத்துக்குப் போகிறவர் கதை வேறு. ரோட்டில் ஓட்டுகிறவர் முதலில் காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரட்டும். மேம்படுத்துவது அப்புறம். ஒரிஜினல் எப்படி இருந்தது என்று தெரியாமல் எதை மேம்படுத்துவது?

மாஸ்டாவே இந்தப் பக்கம்தான் நிற்கிறது. முதல் தலைமுறை ரோட்ஸ்டர்களைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை ஜப்பானில் 2017ல் அறிவித்தது. அதற்காக பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் பழைய 185/60 ஆர்14 அளவு டயரைத் திரும்பவும் செய்து கொடுத்தது. இன்றைய கார்களுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒல்லியான டயர் அது! அகலமான டயரும் பெரிய வீலும் போட்டு 'நவீனப்படுத்த' அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? செய்யவில்லை. 1989ல் அந்த கார் எப்படித் திரும்பியதோ அப்படித் திரும்ப வேண்டும் என்று நினைத்தார்கள்.

தேய்ந்த சஸ்பென்ஷனோடு ஒரு பழைய ரோட்ஸ்டரை ஓட்டிவிட்டு "இதைப் போய் ஏன் இப்படிப் புகழ்கிறார்கள்?" என்று கேட்பவர் இன்னும் அந்த காரை ஓட்டவே இல்லை. அதன் போட்டோவைத்தான் ஓட்டியிருக்கிறார்.