பத்தாம் வகுப்புக்குப் பின் எந்தப் பிரிவு?

பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வின் முடிவு வெளியானதும் நம் அங்கத்தினர் இல்லங்களில் எழும் முதற் கேள்வி, "எத்தனை மார்க்கு?" என்பதே. "அடுத்து எந்தப் பிரிவு?" என்னும் கேள்வி பல வீடுகளில் எழுவதேயில்லை. பள்ளியில் கொடுத்த பிரிவை ஏற்றுக்கொண்டு திரும்பிவிடுகிறோம். இது பெருந்தவறு என்பது நம் கருத்து.

விதிகளை முதலில் அறிவோம். பத்தாம் வகுப்பில் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடங்கள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 35 பெறவேண்டும். மேல்நிலையில் இரு மொழிப்பாடங்களும் பிரிவுக்குரிய நான்கு பாடங்களுமாக மொத்தம் 600 மதிப்பெண். 2017-18இல் தொடங்கிய பதினோராம் வகுப்புப் பொதுத் தேர்வு 2025-26 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. பொதுத் தேர்வு இல்லையென்று அவ்வாண்டைப் பிள்ளைகள் வீணாக்கலாகாது. பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களுக்கு அடித்தளம் அங்கேதான் அமைகிறது.

நம் நெசவாளருள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ சௌராஷ்டிரமோ பேசுவோர் பலர். அவர்தம் பிள்ளைகளும் தமிழே பேசும் உழவர் பிள்ளைகளும் அரசுப் பள்ளியில் ஒரே பெஞ்சியில் அமர்கின்றனர். 2006ஆம் ஆண்டுச் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைக்குச் சிறிது கூடுதல் பயிற்சி வேண்டும். அதை மாலை வகுப்பாக நடத்தச் சங்கக் கட்டடத்தில் ஓர் அறை போதும்.

இனித் தொழிற்கல்விப் பிரிவைக் கருதுவோம். 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே இப்பிரிவும் தொடங்கிற்று. வேளாண் அறிவியலும், நெசவும் ஆடை வடிவமைப்பும் இதில் அடங்கும். நம் இரு தொழில்களும் பள்ளிப் பாடமாகியிருக்க, நாமே அதனை மதிப்பெண் குறைந்தோரின் ஒதுக்கிடமெனக் கருதுவது என்ன நியாயம்? இதில் தேறியோர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழியுண்டு. சேலத்தில் 1960இல் நிறுவப்பட்ட கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனமும் நம் பிள்ளைகளுக்கு உரியதே.

எனினும் நெசவாளி மகன் நெய்யவே வேண்டும், உழவன் மகள் உழவே வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. 2021இல் அது பொறியியல், வேளாண்மை முதலியவற்றிற்கும் விரிந்தது. ஆனால் உயிரியல் பயிலாதவர்க்கு மருத்துவமும், கணிதம் பயிலாதவர்க்குப் பெரும்பாலும் பொறியியலும் எட்டா. பதினைந்து வயதில் செய்யும் தேர்வு இத்தனை கதவுகளைத் திறக்கவும் அடைக்கவும் வல்லது. அதை ஒரு நாள் அவசரத்தில் முடிக்கலாமா?

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. சேர்க்கைக்கு முன்னரே தலைமையாசிரியரைக் கண்டு, எந்தப் பிரிவு எந்தப் படிப்புக்கு வழியாகும் எனப் பெற்றோர் கேட்டறிய வேண்டும். தொழிற்கல்வி ஆசிரியர் இடம் காலியாயிருப்பின் அதை நிரப்பக்கோரிச் சங்கப் பேரவை தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். செய்முறைப் பயிற்சிக்குச் சங்கத்தின் தறிகளையும் அங்கத்தினர் வயல்களையும் பள்ளிக்குத் திறந்துவிட வேண்டும்.

நூலின் தரம் பாராமல் பாவு ஓட்டுவோமா? விதையின் தரம் பாராமல் நாற்று விடுவோமா? பிள்ளைகளின் படிப்பிலும் அக்கவனம் நமக்கு வேண்டும்.