ஒன்பதாம் விடை

வினா ஆறு வகைப்படும் என்றும் விடை எட்டு வகைப்படும் என்றும் நன்னூல் வகுத்துரைக்கும். சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் அவ்வெட்டனுள் முதல் மூன்றும் வினாவுக்கு நேர்நின்று சொல்லும் செவ்வன் இறை. எஞ்சிய ஐந்தும் நேரே சொல்லாவிடினும், வினவியவன் வேண்டிய பொருளைக் குறிப்பால் தந்துவிடும். ‘ஆடுவாயா?’ என்றார்க்குப் ‘பாடுவேன்’ என்று ஒருவன் விடையிறுத்தால், அவன் ஆடமாட்டான் என்பது கேட்டவர்க்கு விளங்கிவிடுகிறது. விடை என்று பெயர்பெற்ற எதுவும் பொருளைத் தந்தே தீரவேண்டும் என்பது இவ்விலக்கணத்தின் உட்கிடை. பொருளைத் தாராமல் வினாவை மட்டும் முடித்துவைக்கும் ஒன்பதாம் விடையொன்று உண்டு என்பது பவணந்தியார் அறியாதது. அதனைக் கண்டுபிடித்த பெருமை தில்லி நாடாளுமன்றத்துக்கே உரியது.

2021ஆம் ஆண்டு சூலை 20ஆம் நாள் மாநிலங்களவையில் அவ்விடை வெளிப்பட்டது. மகுடைத் தொற்றின் இரண்டாம் அலையின்போது உயிர்வளி கிடையாமல் நோயாளர் பலர் தெருவிலும் மருத்துவமனையிலும் மாண்டனரா என்பது உறுப்பினர் ஒருவர் எழுப்பிய வினா. நடுவண் நலவாழ்வுத்துறை இணையமைச்சர் பாரதி பிரவீன் பவார் எழுத்து வடிவில் தந்த மறுமொழி மூன்று கூறுகளை உடையது. நலவாழ்வு மாநிலங்களின் பொறுப்பு என்பது முதற்கூறு. இறப்புகளைத் தெரிவிக்கும் முறைபற்றி மாநிலங்களுக்கு நெறிமுறைகள் வழங்கப்பட்டுள்ளன, அவற்றின்படியே அவை தெரிவித்து வருகின்றன என்பது இரண்டாங்கூறு. உயிர்வளித் தட்டுப்பாட்டால் நேர்ந்த இறப்பு என எந்த மாநிலமும் தனித்துக் குறித்துத் தெரிவிக்கவில்லை என்பது மூன்றாங்கூறு. அம்மறுமொழியிலேயே இன்னொரு செய்தியும் இருந்தது. முதல் அலையில் நாளொன்றுக்கு 3,095 தொன்னாக இருந்த உயிர்வளியின் உச்சத் தேவை, இரண்டாம் அலையில் ஏறத்தாழ 9,000 தொன்னாக உயர்ந்தது என்பதே அது. தேவை மும்மடங்கானதைக் கணக்கிட்டுச் சொல்லத் தெரிந்த துறைக்கு, அத்தேவை நிறைவேறாத இடத்தில் மூச்சு நின்றவர் எத்தனைபேர் என்று சொல்லத் தெரியவில்லை.

அமைச்சர் பொய் சொன்னாரா? இல்லை. அம்மறுமொழியின் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே எடுத்து ஆய்ந்தால் பொய்யென்று ஒதுக்கத்தக்கது ஒன்றுமில்லை. மாநிலங்கள் தெரிவிக்கவில்லை என்பது மெய்யாகவே இருக்கலாம். அதன் வலிமையும் அதன் கொடுமையும் அங்கேதான் உள்ளன. ‘மாண்டனரா?’ என்பது வினா. ‘எம் மேசைக்குத் தாள் வரவில்லை’ என்பது விடை. ஊரில் நேர்ந்ததைக் கேட்டால் மேசையில் இருப்பதைச் சொல்வது இனமொழி விடையும் அன்று. ஏனெனில் அதிலிருந்து ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ எதனையும் உய்த்துணர இயலாது.

ஊரில் நேர்ந்தது என்ன? அவ்வாண்டு மே 2ஆம் நாள் இரவு முதல் மறுநாள் வரை கருநாடகத்துச் சாமராசநகர் மாவட்ட மருத்துவமனையில் 24 நோயாளர் இறந்தனர். கருநாடக உயர்நயன்மன்றம் அமைத்த குழு ஆய்ந்து, உயிர்வளித் தட்டுப்பாடே கரணியம் என்று அம்மாதமே அறிக்கை தந்துவிட்டது. மே 10ஆம் நாள் திருப்பதி அரசு மருத்துவமனையில் 11 பேர் இறந்தனர். மறுநாள் விடியற்காலையில் கோவா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 26 பேர் இறந்தபோது, அம்மாநில நலவாழ்வு அமைச்சரே உயர்நயன்மன்றம் இதனை உசாவ வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். இவையெல்லாம் சூலைக்கு முன்பே செய்தித்தாள் படிக்கும் எவரும் அறிந்தவை. ஒரு துறையின் அமைச்சர் அறியாதிருந்தார் என்பதை ஏற்க வேண்டுமானால், அவர் செய்தித்தாள் படிப்பதில்லை என்பதையும் சேர்த்தே ஏற்கவேண்டும்.

இறப்பு எவ்வாறு தாளிலிருந்து மறைகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தில்லியில் ஏப்பிரல் 23ஆம் நாள் இரவு தனியார் மருத்துவமனை ஒன்றில் உயிர்வளி அழுத்தம் குறைந்ததும் 20 பேர் இறந்ததாக அம்மருத்துவமனையே சொன்னது. தில்லி அரசு அமைத்த குழுவோ, இறந்தோர்க்கு நேர்ந்தது மூச்சுறுப்புச் செயலிழப்பு என்றும், உயிர்வளித் தட்டுப்பாடு எனச் சொல்வதற்கில்லை என்றும் அறிவித்தது. நீரில் மூழ்கி இறந்தவனை ‘மூச்சு நின்று இறந்தான்’ என்று எழுதிவிட்டால் ஆற்றின்மேல் குற்றமில்லை, படகோட்டியின்மேலும் குற்றமில்லை. நோயின் பெயர் எழுதுவதற்குத் தாளில் இடமுண்டு. அரசு செய்யத் தவறியதன் பெயர் எழுத இடமில்லை. இடமில்லாத ஒன்றை எவரும் எழுதுவதில்லை. எழுதாத ஒன்றை எவரும் மேலே அனுப்புவதில்லை. அனுப்பாத ஒன்று அவையில் நிகழாததாகிவிடுகிறது.

இனி, மறுமொழியின் முதற்கூறு தமிழர்க்குப் பெரிதும் தொடர்புடையது. இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், பொதுநலவாழ்வும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலின் 6ஆம் பதிவில் உள்ளன. ஆனால் தொற்றுநோய் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பரவாமல் தடுப்பது பொதுப்பட்டியலின் 29ஆம் பதிவு. அதனையும் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தையும் கையிற்கொண்டுதான் 2021 ஏப்பிரலில் நடுவணரசு உயிர்வளி முழுவதையும் தன் பங்கீட்டின்கீழ்க் கொண்டுவந்தது. எந்த ஆலையின் உயிர்வளி எந்த மாநிலத்துக்கு எத்தனைத் தொன் என்பதைத் தில்லியே வகுத்தது. தமிழ்நாட்டுக்கு நாளொன்றுக்கு 220 தொன் ஒதுக்கப்பட்டது. பயன்பாடோ 310 தொன்னைத் தொட்டுவிட்டது என்றும், திருப்பெரும்புதூர் ஆலையின் உயிர்வளி அண்டை மாநிலங்களுக்குத் திருப்பப்படுகிறது என்றும் அன்றைய தமிழக முதலமைச்சர் ஏப்பிரல் இறுதியில் தலைமையமைச்சருக்கு மடல் எழுத நேர்ந்தது. தெலுங்கர்க்கும் மூச்சு வேண்டும். அவர்க்குத் தருவதில் தமிழர்க்குக் காழ்ப்பில்லை. தமிழ்நாட்டு மண்ணில் உண்டாகும் உயிர்வளி எங்கே செல்லவேண்டும் என்பதை முடிவுசெய்யத் தமிழ்நாட்டு அரசுக்கு உரிமையில்லை என்பதே அம்மடல் காட்டும் உண்மை. அப்படியானால் கேட்கத்தக்க வினா இது: பங்கிடும்போது நடுவண் பொருளாக இருந்த உயிர்வளி, கணக்குக் கேட்கும்போது மாநிலப் பொருளாக மாறியது எங்ஙனம்?

இம்மாற்றம் புதிதன்று. மருத்துவக் கல்வியையும் உள்ளடக்கிக் கல்வியை 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தம் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுசென்றது. மருத்துவக் கல்லூரியில் யாரைச் சேர்ப்பது என்பதைத் தில்லி முடிவுசெய்கிறது. அதற்கு விலக்குக் கேட்டுத் தமிழகச் சட்டமன்றம் 2017இலும் 2021இலும் நிறைவேற்றிய சட்டவரைவுகள் ஒப்புதல் பெறவில்லை. இரண்டாவதும் மறுக்கப்பட்டது என்பது 2025 ஏப்பிரலில் சட்டமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது. மருத்துவரை உருவாக்கும் உரிமை தில்லிக்கு. அம்மருத்துவர் உயிர்வளியின்றிக் கைபிசைந்து நிற்கும்போது பொறுப்பு மாநிலத்துக்கு. உரிமை மேலே செல்வதற்கும் பழி கீழே வருவதற்கும் ஒரே ஏணி பயன்படுகிறது. நன்னூலார் சொன்ன ஏவல் விடையை இங்கே காணலாம். ‘இது செய்வாயா?’ என்றவனிடமே ‘நீ செய்’ என்று திருப்பிவிடும் விடை அது. வீட்டில் சிறுவர் சொன்னால் அது குறும்பு. அரசு சொன்னால் அதற்குப் பெயர் வேறு.

2020 செபுதம்பர் 15ஆம் நாளும் இதுவே நிகழ்ந்தது. தொற்றுக்காலத்தில் இறந்த மருத்துவர், செவிலியர் முதலியோர் எத்தனைபேர் என்று வினவியபோது, அன்றைய இணையமைச்சர் அசுவினி குமார் சௌபே, நலவாழ்வு மாநிலப் பொருள் ஆகலின் அக்கணக்கு நடுவண் துறையில் இல்லை என்றார். மறுநாளே இந்திய மருத்துவர் சங்கம் இறந்த மருத்துவர் 382 பேரின் பட்டியலை வெளியிட்டது. அரசின் கையில் இல்லாத கணக்கு ஒரு தொழிற்சங்கத்தின் கையில் எப்படி இருந்தது? அவர்கள் இறந்தவரைத் தம்மவர் என்று எண்ணினர், ஆகவே எண்ணினர். எண்ணுதல் என்னும் ஒரு சொல்லுக்கே தமிழில் நினைத்தல் என்றும் கணக்கிடுதல் என்றும் இருபொருள் உண்டு. நினையாதவன் கணக்கிடான்.

அவையின் நடைமுறையும் இவ்வகை விடைக்குத் துணைநிற்கிறது. மக்களவையில் நாளொன்றுக்கு வாய்மொழி விடைக்கு 20 வினாக்களும் எழுத்து விடைக்கு 230 வினாக்களும் இடம்பெறும். வாய்மொழி விடையாயின், உறுப்பினர் எழுந்து துணைவினா கேட்கலாம். ‘எந்தெந்த மாநிலங்களை எந்நாளில் கேட்டீர்கள்? எந்தப் படிவத்தில் கேட்டீர்கள்?’ என்று மடக்கலாம். எழுத்து விடையோ தாளோடு முடிந்துவிடும். அதனை மறித்துக் கேட்க வாயில்லை. 2020 செபுதம்பர்க் கூட்டத்தொடரில் வினா நேரமே நீக்கப்பட்டு எழுத்து விடை மட்டும் எஞ்சியது. நோய் மிகுந்த காலத்தில் நோயைப் பற்றிக் கேட்கும் வாய்ப்புக் குறைக்கப்பட்டது.

இவ்வளவும் சொல்லித் தில்லியை மட்டும் பழித்து முடித்துவிடுவது எளிது. அது முழு உண்மை ஆகாது. ‘மாநிலங்கள் தெரிவிக்கவில்லை’ என்று அமைச்சர் சொல்ல முடிந்ததற்கு, மாநிலங்கள் தெரிவிக்காததும் கரணியம். 2021 ஆகத்து 10ஆம் நாள் அவைக்கு வந்த இன்னொரு மறுமொழியின்படி, ஆந்திரம் மட்டுமே, உயிர்வளி அழுத்தம் குறைந்து மூச்சுக்கருவியில் இருந்தோர் சிலர் இறந்ததைத் தெரிவித்தது. ஏனைய மாநிலங்களை ஆண்டவை பல்வேறு கட்சிகள். தம் மருத்துவமனையில் நேர்ந்த தவற்றைத் தம் கையால் எழுதிக்கொடுக்க எக்கட்சிக்கும் மனமில்லை. செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2021 மே 4ஆம் நாள் இரவில் பத்துக்கு மேற்பட்டோர் அடுத்தடுத்து இறந்தனர். உயிர்வளி குறைந்ததே கரணியம் என்றனர் உற்றார், அலுவலர் மறுத்தனர். அன்று ஆட்சி மாறும் இடைவேளை. எவருடைய காலத்துக் குற்றம் என்று இருசாராரும் மற்றவரைக் காட்டலாம். இறந்தவர்க்கு அவ்விடைவேளை இல்லை. மாநிலத் தன்னாட்சி வேண்டும் என்போர், தம் ஆட்சியில் நேர்ந்த இறப்புக்குத் தாமே கணக்குச் சொல்லும் துணிவையும் வேண்டவேண்டும். பொறுப்பேலா உரிமை நிலைக்காது.

அத்துணிவு தமிழ்நாட்டுக்குப் புதியதும் அன்று. 1939ஆம் ஆண்டிலேயே பொதுநலவாழ்வுக்கெனத் தனிச்சட்டம் கண்டது இம்மாநிலம். மகப்பேற்றில் இறக்கும் ஒவ்வொரு தாயின் இறப்பையும் தனித்தனியே ஆய்ந்து, மருத்துவமனைக்கு வரத் தாழ்ந்ததா, குருதி கிடைக்கத் தாழ்ந்ததா, மருத்துவர் இல்லாது போனாரா என்று பதிவுசெய்யும் முறையை 1990களிலேயே தொடங்கியதும் இம்மாநிலமே. அக்கணக்கு யாரையும் தூக்கிலிடுவதற்கு எழுந்ததன்று. அடுத்த தாயைக் காப்பதற்கு எழுந்தது. அதனாலும் தாய்மார் இறப்பு இங்கே பெரிதும் குறைந்தது. நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவார் என மருத்துவத்தை நான்கு கூறாக்கினார் திருவள்ளுவர். குடியாட்சியில் அந்நான்காம் இடம் அரசுக்கும் உரியது. உடனிருந்தவர் உண்மையைச் சொன்னால்தான் அடுத்த நோயாளி பிழைப்பார். மகப்பேற்றுக்குச் செய்ததை மூச்சுத் தட்டுப்பாட்டுக்கும் செய்ய என்ன தடை?

2022 மே மாதம் உலக நலவாழ்வு நிறுவனம், 2020, 2021 ஆகிய ஈராண்டுகளிலும் இந்தியாவில் நேர்ந்த கூடுதல் இறப்பு ஏறத்தாழ 47 இலக்கம் என்று மதிப்பிட்டது. அரசின் கணக்கோ 4.81 இலக்கம். அம்மதிப்பீட்டு முறை தவறென நடுவணரசு மறுத்தது. மறுப்பதற்கு உரிமை உண்டு. ஆனால் தன் கணக்கைக் குறையின்றி எழுதி வைத்தவன் சொல்லும் மறுப்பே எடுபடும். ‘எமக்குத் தெரிவிக்கப்படவில்லை’ என்று அவையில் சொல்லிப் பழகியவன், அயலான் எண்ணிச் சொல்லும்போது எதனைக் காட்டி மறுப்பான்?

மதுரையின் அவையில் ஒரு பெண் நின்று வினவினாள். பாண்டியன் முதலில் தந்ததும் சட்ட விடையே; கள்வனைக் கொல்லுதல் அரசின் கடமை என்றான். ஆனால் அவள் மேலும் வினவியபோது, ‘எம்மிடம் தெரிவிக்கப்படவில்லை’ என்று எழுந்து போகவில்லை. சிலம்பைக் கொண்டுவரச் செய்தான், உடைக்க இடங்கொடுத்தான், முத்தன்று, மணி என்று கண்டதும் தன் பிழையைத் தன் வாயால் ஒப்பினான். சான்றைத் தானே வருவித்துப் பார்த்ததுதான் அவன் சிறப்பு.

தமிழ்நாட்டிலிருந்து தில்லி செல்லும் உறுப்பினர்கள் எழுத்து விடையோடு நின்றுவிடாமல், வாய்மொழி விடைக்கே வினா விடுக்க வேண்டும்; எந்நாள், எந்தப் படிவம், எந்த மருத்துவமனை என்று துணைவினாத் தொடுக்க வேண்டும்; பெற்ற விடையைத் தமிழில் அச்சிட்டுத் தம் தொகுதி மக்கள் கையில் தரவேண்டும். தமிழக அரசு, மருத்துவமனை இறப்புப் பதிவில் கருவி, மருந்து, உயிர்வளி, ஆள் ஆகியவற்றின் குறைபாட்டை எழுத ஓரிடம் வகுத்து, ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கவேண்டும். அவ்வாறு செய்த மாநிலத்தைக் காட்டித் ‘தெரிவிக்கப்படவில்லை’ என்று எந்த அமைச்சரும் சொல்ல இயலாது. விடை எட்டோடு நிற்கட்டும். ஒன்பதாம் விடைக்குத் தமிழ்நாடு இடந்தரல் ஆகாது.